நேர்மை மட்டும் காவல் ஆகாது

"நேர்மையான ஆடிட்டர் என்றால் யார் ஃபீஸ் கொடுத்தாலும் பார்வை மாறாது, மாறினால் அவர் திருடர்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. பொய் சொல்லலாம் என்று முடிவெடுத்து யாரும் உட்காருவதில்லை. சந்தேகமான ஒரு வரவு கண்ணில் படும். 'விதியில் இதற்கு இடம் இருக்கிறதே' என்று மனமே வக்கீலாகி வாதாடும். அப்புறம் அதையே நம்பியும் விடுவார்.

கணக்கு மோசடியில் 2001-இல் சரிந்த அமெரிக்க எரிசக்தி நிறுவனம் என்ரான். 2000-இல் அது தன் தணிக்கை நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சனுக்குக் கொடுத்த சுமார் 5.2 கோடி டாலரில் பாதிக்கு மேல் தணிக்கைக்கே அல்ல, ஆலோசனை போன்ற பிற வேலைகளுக்கு. (பிறகு ஆண்டர்சனில் என்ரான் தொடர்பான ஆவணங்களை அழித்தார்களே, அதை நான் நியாயப்படுத்தவில்லை.) அதனால்தான் 2002-இல் அமெரிக்காவில் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் நல்லவரைத் தேடச் சொல்லவில்லை, தணிக்கை செய்யும் நிறுவனம் அதே வாடிக்கையாளருக்குப் பல ஆலோசனை வேலைகளைச் செய்யவே தடை போட்டது.