அப்பா கொடுத்தாலும் பத்து நாள் காத்திருக்கட்டும்

கலிஃபோர்னியாவில் கடையில் கைத்துப்பாக்கி வாங்கினால் பணம் கட்டிய அன்றே கையில் தரமாட்டார்கள். 10 நாள் காத்திருக்க வேண்டும், மாநில நீதித்துறை அதற்குள் வாங்குகிறவரின் பின்னணியைப் பார்த்துவிடும். முன்பின் தெரியாதவரிடம் பழைய துப்பாக்கி வாங்கினாலும் உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான், அதே 10 நாள்தான். ஆனால் அப்பா மகனுக்கோ பாட்டி பேத்திக்கோ கொடுத்தால் டீலரும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். வாங்குகிறவரிடம் துப்பாக்கிப் பாதுகாப்புச் சான்றிதழ் இருக்க வேண்டும், 30 நாளுக்குள் ஒரு படிவத்தை 19 டாலர் கட்டி அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். (அண்ணன் தம்பிக்கு இந்தச் சலுகை கிடையாது. ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.)

இந்த விலக்கை எடுத்துவிட வேண்டும் என்கிறேன். சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. "என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதது அரசாங்கத்துக்கு என்ன தெரியும்?" சில விஷயங்கள் தெரியும். அடித்தான் என்று மனைவி கோர்ட்டில் தடையாணை வாங்கியிருந்தால் அதை எந்த மகன் அப்பாவிடம் போய்ச் சொல்வான்?

அதைவிடப் பெரிய காரணம் தற்கொலை. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கும் மேல் தற்கொலைதான். அந்த வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில், சில நாளில் தணிந்துவிடும், துப்பாக்கி அதுவரை பொறுப்பதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் முதியோர் குடியிருப்புக்குப் போகுமுன் தன் பிஸ்டலை எண்ணெய்த் துணியில் சுற்றி, தோட்டா டப்பாவோடு சாப்பாட்டு மேசையிலேயே மகனிடம் கொடுத்தார். விவாகரத்தாகி, தனியாக இருந்து, ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்த மகன் அவன். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பெற்றவருக்குப் பிள்ளை முகத்தைப் பார்த்து 'இப்போது வேண்டாம்' என்று சொல்ல வாய் வராது, அதைச் சட்டம்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று பாருங்கள். பக்கத்து மாநிலமான நெவாடாவில் இருக்கும் அப்பா லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் மகனுக்குக் கொடுத்தால், உயில் வழியாக வந்தால் தவிர, மத்தியச் சட்டப்படி டீலர் வழியாகத்தான் போக வேண்டும், 10 நாளும் உண்டு. அதனால் எந்தக் குடும்பமும் உடைந்துபோகவில்லை. கலிஃபோர்னியாவுக்குள்ளேயே சாக்ரமெண்டோவில் இருக்கும் அப்பாவுக்கு மட்டும் ஏன் வேறு விதி?

முன்னாள் கணவன் மிரட்டுகிறான், மகளுக்கு இன்று ராத்திரியே துப்பாக்கி வேண்டும் என்றால்? நியாயமான கேள்வி. அப்படிப்பட்டவர்களுக்கென்று தனி விலக்கு எழுதலாமே, எல்லா வீட்டுக்கும் கதவைத் திறந்துவிட வேண்டியதில்லை.

சட்டம் மாறும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து டீலரிடம் போய்த் துப்பாக்கியைப் பிள்ளை பெயருக்கு மாற்றிக்கொள்ள இன்றைக்கும் தடை எதுவும் இல்லை. கட்டணம் கொஞ்சம் கூடுதலாக ஆகும், ஆகட்டும்.