கேட் இல்லாத தொழிலாளிக்கு யார் சங்கம்?

"இந்தக் காலத்துல எதுக்குங்க சங்கம், கொடி, ஸ்டிரைக் எல்லாம்?" என்று நன்றாகப் படித்தவர்களே கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. பத்தே நாளில், மே தினத்தன்று, அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். தொழிற்சங்கங்கள் கட்சி பேதம் பார்க்காமல் எதிர்த்து நின்றிருக்காவிட்டால் இது நடந்திருக்குமா? அடுத்த வருடம் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம். ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் செய்கிற நவீன ஆலை அது, அங்கேயும் தொழிலாளி கேட்ட முக்கியமான விஷயம் எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள் என்பதுதான். 1926-லேயே சட்டம் கொடுத்துவிட்ட உரிமை, கைக்கு வர 2025 ஜனவரி ஆனது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சேலம் உருக்காலையைத் தனியாருக்கு விற்கப் பார்த்தபோது தொழிலாளர்கள் ஆலை வாசலில் குடும்பத்தோடு உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு உட்கார ஒரு கேட் இருந்தது.

சிவதாபுரம், பனங்காடு, செவ்வாய்ப்பேட்டை பக்கம் வீட்டிலேயே கொலுசு வேலை பார்க்கிற அக்காக்களுக்கு அந்தக் கேட் கிடையாது. கம்பி இழுப்பது ஒரு வீடு, பற்றவைப்பது ஒரு வீடு, மெருகு போடுவது இன்னொரு வீடு. பற்றவைக்கும்போது நெருப்பு அலையும் என்று மே மாத வெயிலிலும் ஃபேன் போடாமல், குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருப்பார்கள். வேலை கொடுக்கிற வியாபாரிகள் வெள்ளியை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், செய்து முடித்த கொலுசை எடை போட்டுத்தான் வாங்குவார்கள். குறைந்தால் கூலியில் பிடித்தம். எவ்வளவு சேதாரம் நியாயம் என்று முடிவு செய்வது தராசு வைத்திருக்கிறவர் மட்டும்தான். வெள்ளி விலை ஏற ஏற அந்தப் பிடித்தமும் ஏறுகிறது, கிலோவுக்கு இவ்வளவு என்கிற கூலி மட்டும் அப்படியே கிடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு அக்காவிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். "கேட்டா அடுத்த தடவை வெள்ளி தரமாட்டாங்கப்பா" என்றார்.

தனியாகக் கேட்டால் அப்படித்தான் ஆகும். அதுவும் முன்பணம் வாங்கியிருந்தால் வாயே திறக்க முடியாது, தறிக்காரர்களுக்கும் இது தெரியும். ஆனால் தெருவில் இருக்கிற இருபது வீடும் சேர்ந்து இந்தக் கூலிக்குக் கீழே வெள்ளி வாங்கமாட்டோம் என்று சொன்னால் யாரிடம் போய்க் கொடுப்பார்கள்?

நலவாரிய அட்டை இருக்கிறதே என்பார்கள். பிள்ளைகள் படிப்புக்கும் விபத்துக்கும் அது உதவும், வேண்டும்தான். கூலியைப் பற்றி அந்த அட்டை ஒரு வார்த்தை பேசாது. சங்கங்களுக்கும் இதைச் சொல்கிறேன், ஆலை வாசலோடு நிற்காதீர்கள், இந்தத் தெருக்களுக்குள் வாருங்கள். பெரிய மாநாடு எல்லாம் அப்புறம். வெள்ளி கொடுக்கும்போதும் வாங்கும்போதும் தொழிலாளி கண்முன்னே எடை, அந்த எடையும் சேதாரமும் கூலியும் எழுதிய ஒரு சீட்டு. முதலில் இந்த இரண்டையும் கேட்டு வாங்கிக் கொடுங்கள்.