மேப்பைச் சுருக்குங்கள், இழுப்பறையைத் திறக்க விடுங்கள்

இஷ்டப்படி எங்கும் சுற்றித் திரியவிடும் புது ஓப்பன் வேர்ல்டு கேம் எது வந்தாலும் மேப் எவ்வளவு பெரிசு என்பதைத்தான் முதலில் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் துளியும் ஆர்வமில்லை. ஒரு கேமுக்குள் போனதும் நான் தேடுவது மேசைமேல் என்ன கிடக்கிறது என்பதை. கையில் எடுக்க முடிகிறதா, திருப்பிப் பார்க்க முடிகிறதா, யாரோ புழங்கிய பொருள் மாதிரி இருக்கிறதா? தாங்கள் கட்டிய உலகத்தை டெவலப்பர்கள் எவ்வளவு நம்பினார்கள் என்பது மலையிலும் கோட்டையிலும் தெரியாது. சின்னச் சாமான்களில் தெரிந்துவிடும்.

‘அன்பேக்கிங்’ (2021) விளையாடியவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே பிடிபடும். 1997 தொடங்கி 2018 வரை ஒரு பெண் எட்டு முறை இடம் மாறுகிறாள். ஒவ்வொரு முறையும் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அவளுடைய சாமான்களை அடுக்க வேண்டும், விளையாட்டே அவ்வளவுதான். 2010இல் காதலனின் வீட்டுக்குக் குடிபோகிறாள். வீடு முழுக்க ஏற்கெனவே அவன் சாமான். ஃபிரேம் போட்ட அவளுடைய பட்டச் சான்றிதழை மாட்டச் சுவரில் இடமே கிடைக்காது. வேறு எங்கே வைத்தாலும் தப்பு என்று சிவப்புக் கோடு விழும். கடைசியில் கட்டிலுக்கு அடியில் தள்ளினால்தான் கேம் ஒப்புக்கொள்ளும். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, சண்டைக் காட்சி இல்லை. அந்த உறவு நிலைக்காது என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது. அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது என் கை என்பதால்தான் அவ்வளவு வலித்தது. சினிமாவில் இதே காட்சியை நான் பார்த்துவிட்டு மட்டும் போயிருப்பேன்.

இதில் ஒலிக்கும் பெரிய பங்கு உண்டு. ஒரே பொருளை மரத்தில் வைத்தால் ஒரு சத்தம், டைல்ஸில் வைத்தால் வேறு சத்தம். இப்படிச் சுமார் 14,000 ஒலிகளைப் பதிவுசெய்து சேர்த்திருக்கிறார்கள். பிக்சல் ஆர்ட்டில், அதாவது சின்னச் சதுரப் புள்ளிகளால், வரைந்த ஒரு கோப்பைக்குக் கனம் வருவது இப்படித்தான். நிஜம்போல இருப்பதற்கும் தத்ரூபமான கிராஃபிக்ஸுக்கும் சம்பந்தமில்லை என்று நான் அடித்துச் சொல்வதற்கு இந்த ஒரு கேம் போதும்.

‘ஏலியன்: ஐசொலேஷன்’ (2014) வேறு வகை. 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தின் செட்டில் செய்திருக்க முடியாத எதுவும் கேமுக்குள் இருக்கக் கூடாது என்று அந்த டீம் விதி வைத்துக்கொண்டார்கள். அதனால் எதிர்காலத்து விண்வெளி நிலையத்தில் குண்டு டிவியும் தடித்த பட்டன்களும் கேசட்டுகளும். திரையில் தெரியும் படங்களை வீடியோ டேப்பில் பதிந்து, பழைய டிவியில் ஓடவிட்டு, காந்தத்தை வைத்துக் கலைத்து, அந்தக் கோளாறையே கேமுக்குள் கொண்டுவந்தார்கள். சேவ் செய்வதுகூட ஒரு மெனுவில் இல்லை. சுவரில் இருக்கும் கருவியில் கார்டைச் சொருகிவிட்டு, விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை நிற்க வேண்டும். நம்மை வேட்டையாடும் அந்த வேற்றுகிரக ஜந்து பின்னால் வந்தால் போச்சு. ஒரு சுவர்ப்பெட்டிக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வைப்பதை நான் வடிவமைப்பின் உச்சம் என்பேன்.

‘போர்ட்டல்’ (2007) என்ற புதிர் கேமில் கூடவே தூக்கிக்கொண்டு போக வேண்டிய, இதயம் போட்ட பெட்டியை கேம் விளையாடும் எல்லோருக்கும் தெரியும். சோதித்துப் பார்த்தவர்கள் சாதாரணப் பெட்டியை வழியிலேயே விட்டுவிட்டுப் போனதால்தான் அதன்மேல் இதயம் வந்தது. அங்கே ஒரு பொருள்மேல் பாசம் வந்தது என்றால், ‘ப்ரே’ (2017) நேர் எதிர், பொருளைப் பார்த்தாலே பயம். அதில் எதிரிகள் காபி கோப்பையாக உருமாறிப் பதுங்குவார்கள். மேசையில் ஒரே மாதிரி இரண்டு கோப்பை இருந்தால் அந்த அறைக்குள் கால் வைக்கவே பயமாக இருக்கும்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, பெரிய பட்ஜெட் கேம்களில் மேசையோடு ஒட்டிவைத்த புத்தகங்களையும் திறக்காத அலமாரிகளையும் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. அழகாக மாடல் செய்து, ஓரத் தேய்மானம்வரை டெக்ஸ்சர் போட்டிருப்பார்கள். அருகில் போனால் ஒன்றும் நடக்காது. 1999லேயே ‘ஷென்மூ’வில் வீட்டு இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்க முடிந்தது. 2013இல் ‘கான் ஹோம்’, எடுத்த பொருளை அதே இடத்தில் திருப்பி வைக்கும் வசதியையும் தந்தது. அடுத்தவர் வீட்டுப் பொருளை மரியாதையாகக் கையாளத் தோன்றுகிற ஆளுக்கு அந்த வசதி எவ்வளவு பெரிய விஷயம்!

எல்லாவற்றையும் தொடும்படி செய்தால் செலவு தாங்காது என்பார்கள். எல்லாவற்றையும் நான் கேட்கவில்லை. ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ (2013) கேமில் எல்லைச் சாவடி அதிகாரியின் மேசை ஒன்றுதான் உங்கள் இடம். பாஸ்போர்ட், அனுமதிச் சீட்டு, விதிப் புத்தகம் எல்லாவற்றையும் பரப்ப மேசையில் இடம் போதாது, ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். ஓரத்திலிருந்து முத்திரைத் தட்டை இழுத்து, பாஸ்போர்ட்டை அதன் அடியில் சரியாக நகர்த்தி, பச்சையா சிவப்பா என்று ஓங்கிக் குத்த வேண்டும். அந்தச் சத்தத்தில் ஒரு குடும்பம் பிரியும். அந்த மேசையை, முத்திரையை, பின்னணி இசையை எல்லாம் செய்தது லூகாஸ் போப் என்ற ஒரே ஆள்.