போக்கிமான் தொடரால் குழந்தைகள் இறந்தார்களா?

போக்கிமான் கார்ட்டூனைப் பார்த்து ஜப்பானில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் இறந்ததால் அத்தொடரே தடை செய்யப்பட்டதாக வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி உண்மையல்ல. வீடியோ கேமிலிருந்து உருவான அத்தொடரின் 38ஆம் அத்தியாயம் 1997 டிசம்பர் 16 அன்று ஒளிபரப்பானபோது, பிக்காச்சு என்னும் முக்கியப் பாத்திரத்தின் மின்தாக்குதலில் ஏவுகணைகள் வெடிக்கும் காட்சியில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் 12 முறை மாறி மாறி மின்னியதால், வலிப்பும் வாந்தியும் ஏற்பட்டு 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், எவரும் இறக்கவில்லை. பழி என்னவோ அதே அத்தியாயத்தில் வந்த போரிகான் என்னும் அப்பாவிப் பாத்திரத்தின்மீது விழுந்தது. இதையடுத்து நிறுத்தப்பட்ட தொடர் 1998 ஏப்ரலில் மீண்டும் தொடங்கியது. விலக்கப்பட்டது அந்த அத்தியாயம்தான், தொடர் அல்ல. 685 என்ற எண்ணிக்கை ஜப்பானியத் தீயணைப்பு முகமை தொகுத்தது. அக்கால நாளிதழ்களிலும் மருத்துவ ஆய்விதழ்களிலும் சரிபார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.