பாட்டை ஸ்ட்ரீமிங்கில் ஏற்றலாமா? ஏற்றலாம், கடைசியாக

சிங்கப்பூரில் சொந்தமாகப் பாட்டெழுதி மெட்டுப்போடும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது: "அண்ணே, ஸ்பாட்டிஃபையில போடணுமா, வேணாமா?" கேட்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். மீதிப் பேர், இணையத்தில் பாட்டை ஓடவிட்டு (அதுதான் ஸ்ட்ரீமிங்) கலைஞனுக்குக் கால் காசு கொடுக்கும் கம்பெனிக்கு நம் பாட்டைத் தாரை வார்ப்பதா என்று கொதித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

என் கட்சி இதுதான். ஏற்றுங்கள். ஆனால் ஏற்றிய நாளையே வெளியீட்டு நாள் என்று நினைக்காதீர்கள். பாட்டு மற்ற இடங்களுக்கெல்லாம் போய்விட்டு அங்கே போகட்டும்.

முதலில் காசு. ஒரு தடவை கேட்டால் இவ்வளவு என்று ஸ்பாட்டிஃபை விலை எதுவும் வைக்கவில்லை. வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை உரிமைதாரர்களுக்கு ஒதுக்கி, மொத்தத்தில் யார் பாட்டு எவ்வளவு கேட்கப்பட்டதோ அந்த விகிதத்தில் பிரிக்கிறது. ஈசூனில் இருக்கும் ரசிகர் ஒருவர் மாதம் முழுக்க உங்கள் பாட்டை மட்டுமே கேட்டார் என்று வையுங்கள். அவர் கட்டிய சந்தா அப்படியே உங்களுக்கு வந்துவிடாது. பொதுக் கணக்கில் சேரும், அதில் பெரும்பங்கு அவர் கேட்டே இராத உலக நட்சத்திரங்களுக்குப் போகும். கேட்பவரின் பணம் அவர் கேட்ட கலைஞருக்கே என்ற முறையை இன்னோர் இசைத்தளமான சவுண்ட்கிளவுட் 2021இல் கொண்டுவந்தது. ஸ்பாட்டிஃபை அந்தப் பக்கம் போகவில்லை.

ஆயிரம் தடவை கேட்டால் மூன்று, நான்கு அமெரிக்க வெள்ளி என்பது எல்லாரும் சொல்லும் தோராயக் கணக்கு. உங்கள் ரசிகர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் இருந்தால் அதுவும் தேறாது. அங்கே சந்தாவும் குறைவு, விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்களும் அதிகம். போதாக்குறைக்கு 2024இலிருந்து, முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமைத்தொகையே கிடையாது. அதற்குச் சேர வேண்டிய சில்லறையும் ஆயிரத்தைத் தாண்டியவர்களுக்குப் போகிறது. சிங்கப்பூரில் தமிழில் பாட்டெழுதுகிறவனுக்கு ஆயிரம் என்பது சின்ன எண் இல்லை. சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்டாலும் எட்டாது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒன்றை வைக்கிறேன். போன பொங்கலுக்கு ஒரு சமூக மன்றத்தில் பாடினேன். முடிந்து வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பெரியவர் ஒருவர் வந்தார். "அந்தத் துறைமுகப் பாட்டு உங்களுதா தம்பி? எங்கப்பா அங்கதான் மூட்டை தூக்குனார்" என்றார். அந்தப் பாட்டு வேண்டுமே, எங்கே கிடைக்கும் என்று கேட்டார். இன்னும் எங்கேயும் போடவில்லை ஐயா, நானே அனுப்புகிறேன் என்றேன். வாட்ஸ்அப்பில் போய்ச் சேர்ந்ததும், "பேநவ் நம்பர் சொல்லுங்க" என்று பத்து வெள்ளி அனுப்பினார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. மறுநாள் ஜொகூரில் இருக்கும் அவருடைய அக்காவிடமிருந்து செய்தி: எனக்கும் அந்தப் பாட்டு வேண்டும்.

அந்தப் பத்து சிங்கப்பூர் வெள்ளியை ஸ்பாட்டிஃபையில் பார்க்க, மேலே சொன்ன கணக்குப்படி, ஏறக்குறைய இரண்டாயிரம் தடவை பாட்டு ஓட வேண்டும். அதைவிட முக்கியம், அவருடைய நம்பர் என்னிடம் இருக்கிறது. அடுத்த நிகழ்ச்சிக்கு அவரைக் கூப்பிட முடியும். ஸ்பாட்டிஃபை உங்கள் ரசிகர்கள் எந்த ஊரில், எந்த வயதில் இருக்கிறார்கள் என்று படம் போட்டுக் காட்டும். யார் என்று மட்டும் சொல்லாது. அதனால்தான் புதுப் பாட்டை முதல் சில மாதங்கள் மேடையிலும் நேரிலும் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். இணையத்தில் விற்க வேண்டுமென்றால் பேண்ட்கேம்ப் இருக்கிறது. டிஜிட்டல் விற்பனையில் 15 விழுக்காடும் பணப் பரிமாற்றக் கட்டணமும் போக மீதியைக் கொடுக்கிறது, வாங்கியவரின் மின்னஞ்சலும் கிடைக்கும்.

சரி, அப்படியானால் ஸ்ட்ரீமிங்கே வேண்டாம் என்று ஒதுங்கிவிடலாமா? புறக்கணிக்கச் சொல்பவர்கள் காட்டும் பெயர்களைப் பாருங்கள். டெய்லர் ஸ்விஃப்ட் 2014இல் வெளியேறினார், 2017இல் திரும்பினார். நீல் யங் 2022இல் போனார், 2024இல் வந்துவிட்டார். ஸ்பாட்டிஃபை நிறுவனர் டேனியல் எக் ராணுவத் தொழில்நுட்ப நிறுவனத்தில் முதலீடு செய்ததை எதிர்த்து, 2025இல் கிங் கிஸ்ஸார்ட் போன்ற இசைக்குழுக்கள் விலகின. அந்தக் கோபம் நியாயமானது, மனசாட்சிப்படி விலகுகிறவரை நான் தடுக்க மாட்டேன். ஆனால் அவர்கள் போனால் செய்தியாகிறது, ரசிகர்கள் வேறு இடத்தில் தேடிப் பிடிக்கிறார்கள். நாம் போனால் போனதே யாருக்கும் தெரியாது. எம்ஆர்டி ரயிலில் வீட்டுக்குப் போகும் வழியில் ஒருத்தி நம் பெயரைத் தட்டித் தேடுகிறாள், ஒன்றும் வரவில்லை என்றால் அடுத்த நிமிடம் சினிமாப் பாட்டுக்குப் போய்விடுவாள். ஏற்பாட்டாளரும் "லிங்க் அனுப்புங்க" என்றுதான் முதலில் கேட்கிறார். அங்கே இருக்க வேண்டும், அதில் பிழைக்கலாம் என்று மட்டும் எண்ணக் கூடாது.

இனி பாட்டெழுதுகிறவர்கள் கவனிக்காமல் விடும் விஷயம். மெட்டும் வரியும் ஓர் உரிமை, அதைப் பாடிப் பதிந்த ஒலிப்பதிவு இன்னோர் உரிமை. நம் பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற இடங்களில் ஏற்றிக்கொடுக்கும் டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் மாதிரி விநியோகத் தளங்கள் வழக்கமாகக் கொண்டுவந்து கொடுப்பது ஒலிப்பதிவின் காசை மட்டும்தான். மெட்டுக்கும் வரிக்கும் உரியதை இங்கே வசூலிப்பது கம்பாஸ், 1987இலிருந்து இயங்கும் இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கம். உங்கள் பாட்டு ஒலி 96.8 வானொலியில் ஒலித்தாலும், வசந்தம் தொலைக்காட்சியில் வந்தாலும், மேடையில் வேறு யாராவது பாடினாலும் காசு சேர வேண்டிய வழி அதுதான். உறுப்பினராகிப் பாட்டைப் பதிந்துவைக்காவிட்டால் உங்கள் பெயருக்கு எப்படி வரும்? ஸ்ட்ரீமிங்கில் வரும் சில காசுகளுக்காக தினமும் ஆப்பைத் திறந்து பார்ப்பவர்கள் இந்தப் படிவத்தை மட்டும் வருடக்கணக்கில் நிரப்புவதில்லை. எனக்கு இதுதான் புரியவில்லை.

ஒலிப்பதிவிலும் ஒரு சிக்கல் உண்டு. 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் சிங்கப்பூர்ப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்துச் செய்யச் சொன்ன ஒலிப்பதிவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அதை உருவாக்கியவரே. நீங்கள் ஸ்டூடியோவுக்குக் காசு கட்டினீர்கள், சரி. உரிமை உங்களுக்கு என்று எழுதி வாங்கினீர்களா? கலைஞர்களுக்குச் சாதகமாக வந்த சட்டம்தான், ஆனால் இந்த இடத்தில் உரிமை யாருக்கு என்பதைத் தாள்தான் தீர்மானிக்கும்.

விநியோகத் தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: காசு கட்டுவதை நிறுத்தினால் பாட்டு என்னாகும்? டிஸ்ட்ரோகிட்டில் ஆண்டுச் சந்தா. நிறுத்தினால், நிரந்தரமாக வைக்கக் கூடுதலாகக் கட்டியிராத பாட்டுகள் இறங்கிவிடும். சிடி பேபியில் ஒரு வெளியீட்டுக்கு ஒரு தடவை கட்டினால் போதும், வருமானத்தில் 9 விழுக்காடு எடுத்துக்கொள்வார்கள். ஆண்டுக்கு ஒரு பாட்டு போடுகிறவருக்கு இரண்டாவது தேவலை. அப்புறம், "பத்தாயிரம் பேரைக் கேட்க வைக்கிறோம்" என்று இன்ஸ்டகிராமில் வரும் ஆசாமிகளை உடனே பிளாக் செய்யுங்கள். கேட்பது ஆளில்லை, மென்பொருள். கண்டுபிடிக்கப்பட்டால் ஸ்பாட்டிஃபை விநியோகஸ்தருக்கு அபராதம் போடும், அவர் அதை உங்கள் தலையில் கட்டலாம், பாட்டும் இறங்கிவிடலாம்.

இதற்கெல்லாம் முன்னால் நமக்குள் முடிக்க வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. வரி ஒருவர், மெட்டு ஒருவர், பாடியது ஒருவர். "நமக்குள்ள என்னண்ணே கணக்கு" என்று கோப்பிக் கடையில் கைகுலுக்கிப் பிரிவோம். பாட்டு ஓடாதவரை அது அழகாகத்தான் இருக்கும். ஒரு விளம்பரக் கம்பெனி வந்து கேட்டதும் மூன்று பேருக்கும் மூன்று விதமாக நினைவிருக்கும். யாருக்கு எத்தனை விழுக்காடு என்று பாட்டை ஏற்றும் முன்பே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள், அந்த அண்ணன்தான் கட்டாயப்படுத்தினார் என்று.

என் அடுத்த பாட்டு ஏப்ரலில், தமிழ்மொழி விழா நேரத்தில் மேடையேறும். ஸ்பாட்டிஃபையில் தேட வேண்டாம், தீபாவளி வரை அங்கே இருக்காது.