எந்த ஸ்டேட்ல இருக்கீங்க?

இங்க அமெரிக்காவுல, மிச்சிகன் ஸ்டேட்ல 28 வருஷமா ஒரு சட்டம் இருந்துச்சு, நம்மாளுங்க நெறைய பேருக்கு அது இருந்ததும் தெரியாது போனதும் தெரியாது. மருந்துக்கு அனுமதி குடுக்கற மத்திய அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அப்ரூவ் பண்ணின மருந்தா, அவங்க ஒத்துக்கிட்ட லேபிளோட வித்ததா, அவ்ளோதான், அதால உங்களுக்கு என்ன ஆனாலும் கம்பெனி மேல நஷ்டஈடு கேஸ் போட முடியாது. 1995ல பாஸ் ஆகி 1996ல அமலுக்கு வந்துச்சு. இவ்ளோ கறாரா வேற எந்த ஸ்டேட்லயும் இருந்ததில்ல.

என்கூட வேலை பாத்த ஒருத்தரோட அப்பாவுக்கு ஒரு மாத்திரையால கிட்னி போச்சு. மகன் ரிப்போர்ட்டெல்லாம் தேதி வாரியா ஃபைல்ல அடுக்கி வச்சுக்கிட்டு லாயருக்கு ஃபோன் போட்டிருக்கார், அவர் கேட்ட மொத கேள்வியே எந்த ஸ்டேட்ல இருக்கீங்க. மிச்சிகன்னு சொன்னதும் ஸாரி சார்னு வச்சுட்டாராம். ஃபைல திறக்கவே இல்ல. அவங்க வீடு மன்ரோல, பக்கத்து ஸ்டேட் ஒஹாயோவோட பார்டர் அரை மணி நேரம் கூட கிடையாது.

வயாக்ஸ் ஞாபகம் இருக்கா? மூட்டுவலி மாத்திரை, ஹார்ட் அட்டாக் ரிஸ்க்னு 2004ல மெர்க் கம்பெனியே வாபஸ் வாங்குச்சு, 2007ல 485 கோடி டாலருக்கு கேஸ்களை செட்டில் பண்ண ஒத்துக்கிட்டாங்க. மிச்சிகன் ஜனங்களுக்கு இந்தச் சட்டம் குறுக்க நின்னுச்சு. ஜனங்கள விடுங்க, ஸ்டேட்டோட தலைமை வக்கீலான அட்டர்னி ஜெனரலே, மெடிகெய்ட்ல (வசதியில்லாதவங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இந்த மாத்திரைக்குக் குடுத்த பணத்த திருப்பிக் கேட்டு கேஸ் போட்டார், 2011ல அப்பீல் கோர்ட் இதே சட்டத்தக் காட்டி முடியாதுன்னுடுச்சு!

எஃப்.டி.ஏ. பாத்துட்டாங்களே, அப்புறம் கோர்ட் எதுக்குன்னு கேக்கறாங்க. அவங்க பாக்கறது கம்பெனி குடுக்கற டேட்டாவ, அதுவும் சில ஆயிரம் பேர் சாப்பிட்டுப் பாத்தது. லட்சக்கணக்குல ஜனங்க சாப்பிட்ட பிறகுதான் சில கோளாறு வெளிய வரும். எஃப்.டி.ஏ.வ ஏமாத்தி அப்ரூவல் வாங்கினா கேஸ் போடலாம்னு ஒரு விலக்கு இருந்துச்சு, அதையும் 2004ல ஃபெடரல் அப்பீல் கோர்ட், ஏமாத்தினாங்கன்னு எஃப்.டி.ஏ.வே சொன்னாத்தான் செல்லும்னு சுருக்கிடுச்சு. இந்தச் சட்டம் இருந்தா மருந்துக் கம்பெனிங்க இங்க தங்கும், வேலை வரும்னு சொன்னாங்க. ஆனா ஃபைசர் கம்பெனி 2007ல இங்க ஆன் ஆர்பர் ஊர்ல இருந்த சென்டர மூடறதா அறிவிச்சப்ப கிட்டத்தட்ட 2,100 பேர் வேலை போச்சு.

2023ல கவர்னர் விட்மர் கையெழுத்துப் போட்டு அந்தச் சட்டத்த எடுத்தாங்க, 2024 பிப்ரவரில அமல். எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனா இதே மாதிரி இன்னொண்ணு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 1999லயும் 2007லயும் மிச்சிகன் சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்புல, அரசாங்க லைசென்ஸ்ல நடக்கற தொழில் பெரும்பாலும் அதுலேர்ந்து தப்பிச்சிடுச்சு. 2007 கேஸ் வீடு கட்டித் தர்ற பில்டர் பத்தினது. வாழ்நாள்லயே பெரிய செலவு வீடுதான், அதுக்கே இந்தச் சட்டம் உதவாதுன்னா எப்படி? லைசென்ஸ் குடுக்கறது நம்மள காப்பாத்த, அவங்கள இல்ல. நோவி, கேன்டன், ட்ராய்னு மிச்சிகன் ஊர்கள்ல ஓட்டுப் போடற நம்மாளுங்க இருக்கீங்க, உங்க ஸ்டேட் ரெப் (நம்ம ஊர் எம்.எல்.ஏ. மாதிரி) ஓட்டு கேட்டு வாசலுக்கு வர்றப்ப, இத எப்ப சரி பண்ணப் போறீங்கன்னு கேளுங்க.