மனிதன் இப்படிப் பேசவே மாட்டானாம்

சொந்தமாக ஒரு மொழியை உருவாக்கும்போது ஒலியை மாற்றினால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. புது எழுத்து வரைந்தால் பாராட்டு வேறு. வினைச்சொல்லில் கை வைத்தால் போதும், பாய்ந்து வருகிறார்கள்.

8 மாதமாக ஒரு மொழியோடு மல்லுக்கட்டுகிறேன். அதில் வினைக்குக் காலம் கிடையாது. காலம் காட்டும் விகுதி பெயர்ச்சொல்லில் ஏறும். விதிகள், மாதிரி வாக்கியங்கள் எல்லாம் எழுதி ஆசையாகச் சிலருக்குக் காட்டினேன். இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் தீர்ப்பு: "மனிதன் இப்படிப் பேசவே மாட்டான்."

யார் சொன்னது? தென் அமெரிக்காவின் பராகுவே நாட்டில் பேசும் குவாரனி மொழியில் 'ஓகா' என்றால் வீடு. 'ஓகாக்குவே' முன்பு வீடாக இருந்தது, 'ஓகாரா' இனி வீடாகப் போவது. அமேசான் பகுதியின் துயூகா மொழியில் ஒன்றைச் சொன்னால், கண்ணால் பார்த்ததா, வேறு புலனால் அறிந்ததா, தடயத்தை வைத்துச் சொல்வதா, பிறர் சொன்னதா, ஊகமா என்று வினையிலேயே காட்டியாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் ஜிங்குலு மொழி வா, போ, செய் என்ற மூன்று வினைகளை வைத்தே காலம் தள்ளுகிறது. அவ்வளவு தூரம் ஏன்? 'வளர்பிறை'யில் எந்தக் காலம் இருக்கிறது? வளர்ந்த, வளர்கின்ற, வளரும், மூன்றும்தான். வினைத்தொகை என்று நாமே படித்தோமே! பழந்தமிழ் 'வாரான்' வரவில்லையா, வருவதில்லையா, வரமாட்டானா? இடத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். இதையெல்லாம் வைத்துக்கொண்டு என்னிடம் வந்து "இயற்கையில் இல்லை" என்றால் எரிச்சல் வராதா?

இன்னொரு கூட்டம், "காலத்தை வினையிலேயே வைத்துவிடு, கற்பது எளிது" என்கிறது. 1887இல் வந்த எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழி அப்படித்தான் செய்தது: நிகழ்காலத்துக்கு 'அஸ்', இறந்தகாலத்துக்கு 'இஸ்', எதிர்காலத்துக்கு 'ஓஸ்'. எல்லோரும் எளிதாகக் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். சரி, எனக்கு அந்த நோக்கமே இல்லையே! காலத்தை இடம் மாற்றினால் வாக்கியம் என்ன ஆகிறது என்று பார்க்கத்தான் இத்தனை பாடு.

உண்மையில் என் மொழியில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. 'வீடு' என்பதில் இறந்தகால விகுதியைப் போட்டு, பக்கத்தில் 'இடி' என்ற வினையை வைக்கிறேன். வீடு இடிந்தது என்று பொருளா, முன்பு வீடாக இருந்த ஒன்று இப்போது இடிகிறது என்று பொருளா? ஒரே விகுதி இரண்டையும் சுமக்கிறது. குவாரனி இதில் சிக்குவதில்லை, அங்கே பெயரின் காலம் வேறு, வாக்கியத்தின் காலம் வேறு. இரண்டாவது விகுதி சேர்ப்பதா, சொல்வரிசையை மாற்றுவதா என்று 3 வாரமாக மண்டையை உடைத்துக்கொள்கிறேன். படித்த அத்தனை பேரில் ஒருவராவது இதைக் கேட்டிருக்கக் கூடாதா?